கஞ்சி போன வழி

"சோத்தை வடிக்கிறதா, குக்கர்ல வைக்கிறதா?" தமிழ் வீடுகளில் இந்தச் சண்டைக்கு ஐம்பது வயதாவது இருக்கும். மாமியார் ஒரு பக்கம் மருமகள் ஒரு பக்கம் என்று தொடங்கியது, இப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் ஏதோ ஒரு சித்தப்பா அனுப்பும் காணொளியாக வந்து நிற்கிறது. "குக்கர் சோறு விஷம், சுகர் வரும், கஞ்சியை வடிச்சுக் கொட்டுங்க." அடுத்த வாரம் இன்னொன்று: "கஞ்சியைக் கொட்டாதீங்க, சத்தெல்லாம் அதுலதான் இருக்கு." இரண்டையும் அனுப்பியது அதே சித்தப்பாதான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அரிசியை எவ்வளவு தீட்டுவது, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, வெந்த தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்ற இந்தச் சின்னக் கேள்விகளுக்குத் தப்பான பதில் வைத்திருந்ததால் ஆசியாவில் லட்சக்கணக்கானவர்கள் கால் வீங்கி, நடை தளர்ந்து, இதயம் நின்று செத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் தமிழர்களுக்கு ஒரு முக்கியமான பாத்திரம் உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

உலகத்தில் சோறு சமைக்க அடிப்படையில் இரண்டே வழிதான். நிறையத் தண்ணீரில் வேகவைத்து மிச்சத்தை வடித்துவிடுவது ஒன்று. அளந்த தண்ணீரை ஊற்றி, அது மொத்தத்தையும் அரிசியே குடித்துவிடும்படி வற்ற விடுவது இன்னொன்று. ஜப்பானியர்கள் வற்ற விடுகிறவர்கள். நாம் வடிக்கிறவர்கள். தை மாதம் முதல் தேதி மட்டும் பொங்க விட்டு வற்ற வைக்கிறோம், மற்ற நாளெல்லாம் வடிப்புதான் வழக்கம். குக்கர் வரும்வரை.

வடிப்பது எவ்வளவு பழசு? பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அன்னசாலைகள் வருகின்றன. அங்கே வடித்த கொழுங்கஞ்சி தெருவில் ஆறு மாதிரி ஓடுகிறது, காளைகள் சண்டை போட்டு அது சேறாகிறது, தேர் ஓடிக் காய்ந்து தூசியாகிறது, அந்தத் தூசி கிளம்பி ஓவியம் தீட்டிய மாளிகைகள் மேல் படிகிறது. உருத்திரங்கண்ணனாருக்கு அது வளத்தின் அடையாளம். எனக்கென்னவோ அதைப் படிக்கும்போதெல்லாம், கஞ்சியைத் தெருவில் விடும் ஊர் எவ்வளவு பணக்கார ஊராக இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குப் போடும் சோறும் கவனிக்க வேண்டியது. தவிட்டு வரி போகத் தீட்டி, முனை முறியாத அரிசியில் ஆக்கிய, விரல் மாதிரி நிமிர்ந்து நிற்கும் சோறு. வெள்ளையாகத் தீட்டிய அரிசி என்றால் ராஜ விருந்து என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. சாதாரண ஜனங்களுக்கு நெல்லுச்சோறே நாள் கிழமையில்தான். மற்றபடி கம்பங்கூழ், கேப்பைக் களி, சோளச்சோறு. "நம்ம முன்னோர் மூணு வேளையும் அரிசி சாப்பிட்டாங்க" என்பதும் சித்தப்பா வீடியோதான்.

நம் ஆட்கள் ஏன் வடித்தார்கள்? "சுகர் வராமல் இருக்க" இல்லை. விறகு அடுப்பையும் புழுங்கல் அரிசியையும் சேர்த்து யோசித்தால் காரணம் தெரியும். புழுங்கல் வேக நேரமாகும், அரை மணி, முக்கால் மணி கூட. விறகுத் தீ ஒரே சீராக எரியாது. எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரிசியும் ஒரே மாதிரி இருக்காது. பழைய அரிசி தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும், புது அரிசி சட்டென்று குழையும். இத்தனை நிச்சயமின்மைக்கும் ஒரே விடை, உலையில் தாராளமாகத் தண்ணீர் வைப்பது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, பதம் வந்த நொடியில் வடித்துவிட்டால் போதும். அளவுக் கிண்ணம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். மிகையான தண்ணீர் ஒரு காப்பீடு மாதிரி. ஆம்பூர் பிரியாணி மாஸ்டர்கள் இன்றைக்கும் அரிசியைத் தனியாக அரைவேக்காட்டில் வடித்துத்தான் தம் போடுகிறார்கள். நூறு பேர் சாப்பாட்டில் ரிஸ்க் எடுக்க யாருக்கும் மனசு வராது.

ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு ஒருத்தி உடம்பால் சந்தா கட்டினாள். கொதிக்கும் பானையை இரண்டு பக்கமும் கரித்துணியால் பிடித்து, வடிதட்டை அழுத்தி மூடி, சாய்த்து, முகத்தில் அடிக்கும் ஆவியோடு நிற்க வேண்டும். தட்டு நழுவினால் கை போச்சு. 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். மெல்ல அந்தப் பாத்திரங்கள் மண்பானையையும் வெண்கலப் பானையையும் ஓரங்கட்டியபோது எடை குறைந்தது. ஆனால் மெல்லிய அலுமினியம் கையைச் சுடுவதும் சீக்கிரம். வடித்த சோற்றின் ருசியைப் பற்றி உருகி எழுதுகிற ஆண் எழுத்தாளர்கள் (நானும் உருகியிருக்கிறேன்) இந்தக் கரித்துணியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

வடித்த கஞ்சி எங்கே போனது? தெருவுக்கு இல்லை. அரிசி கழைந்த கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போனது. வடிகஞ்சி, உப்புப் போட்டு வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், பண்ணை வீடாக இருந்தால் வேலை செய்கிறவர்களுக்கும் போனது. மிச்சம் வேட்டிக்கும் சேலைக்கும் மொடமொடப்பு ஏற்ற. நெசவாளர் வீட்டில் பாவுக்கே அரிசிக் கஞ்சிதான். ஒரே பானையிலிருந்து இரண்டு சாப்பாடு வந்தது: மேலே சோறு, கீழே கஞ்சி. யாருக்கு எது என்பதை வீட்டுக்குள் ஆண் பெண் முறையும், வீட்டுக்கு வெளியே சாதியும் முடிவு செய்தன. சோற்றை விட்டுவிட்டுக் கஞ்சியை மட்டும் வாங்கிக் குடித்தவர் வயிறு நிறைந்ததாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரில் கரைகிற சத்து என்று ஒன்று உண்டு என்பதும், அது பானைக்கு அடியில் கரைந்து கிடக்கிறது என்பதும் அப்போது சோறு சாப்பிட்டவருக்கும் தெரியாது, கஞ்சி குடித்தவருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கக் கோழிகள் தேவைப்பட்டன.

பெரிபெரி என்ற நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆசியாவைப் பிடித்து ஆட்டியது. நீராவி ஆலைகள் வந்து நெல்லைத் தவிடு துளியும் இல்லாமல் பளபளவென்று தீட்ட ஆரம்பித்த காலம். கப்பல், சிறை, படைமுகாம், சுரங்கம் என்று மலிவான வெள்ளை அரிசியை மூட்டை மூட்டையாக வாங்கிச் சோறு போட்ட இடங்களில் எல்லாம் இந்த நோய் வந்தது. டச்சு ஆட்சியில் இருந்த படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மான் என்ற மருத்துவர் இதற்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. சில மாதம் கழித்து, தானாகவே தேறின. விசாரித்தால் விஷயம் சமையற்கட்டில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "ராணுவத்து அரிசியைச் சிவில் கோழிக்குத் தர முடியாது" என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன. மருத்துவ வரலாற்றில் ஒரு சமையல்காரரின் கறார் இவ்வளவு உதவியது வேறெங்கும் இல்லை என்று நினைக்கிறேன். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. எய்க்மான் சொல்லித் தூண்டி, ஃபோர்டர்மான் என்ற அதிகாரி ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளில் ஒருவருக்குப் பெரிபெரி. தவிடு மிச்சமிருந்த அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு.

ஜப்பானில் இதே கதை இன்னும் கசப்பாக நடந்தது. கடற்படை மருத்துவர் தகாகி கானெஹிரோ லண்டனில் படித்தவர். ரியூஜோ என்ற போர்க்கப்பல் 1882-83-ல் போன நீண்ட பயணத்தில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது, 25 பேர் இறந்தார்கள். தகாகி அடுத்த கப்பலை 1884-ல் அதே பாதையில், சாப்பாட்டை மட்டும் மாற்றி அனுப்பினார். இறைச்சி, பார்லி, பருப்பு வகை. யாரும் சாகவில்லை. அவர் சொன்ன காரணம் தப்பு, புரதக் குறைவு என்று நினைத்தார். ஆனால் வைத்தியம் சரி. கடற்படை பிழைத்தது. தரைப்படை மட்டும் கேட்கவில்லை. வெள்ளைச் சோறுதான் வீரனுக்கு மரியாதை, நோய்க்குக் காரணம் கிருமி என்று பிடிவாதமாக நின்ற ராணுவ மருத்துவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மோரி ஓகாய். ஆமாம், நவீன ஜப்பானிய இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று, 'காட்டு வாத்து' நாவலை எழுதியவர். ஜெர்மனியில் படித்த மனிதர், அந்தக் காலத்தின் மிகப் புதிய அறிவியலைக் கையில் வைத்திருந்தவர். 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் 27,000-க்கும் மேற்பட்டோர் பெரிபெரியால் மட்டும் இறந்தார்கள். நுட்பமான கதை எழுதத் தெரிந்தவர் ஒரு தட்டுச் சோற்றைப் படிக்கத் தவறினார்.

இப்போது மலாயா. நம் ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள், தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் தமிழர்கள். இரண்டு கூட்டமும் ஏழைகள், இரண்டு கூட்டத்துக்கும் சோறுதான் சாப்பாடு. ஆனால் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், தமிழர்களுக்கு அது அநேகமாக வரவே இல்லை. லெனர்ட் பிராடன் என்ற அரசு மருத்துவர் இதைக் கவனித்து 1907-ல் பெரிய புத்தகமே எழுதினார். வித்தியாசம் அரிசியில் இருந்தது. சீனர்கள் சாப்பிட்டது சியாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது பிராடன் சொன்ன விளக்கம். அதுவும் தப்பு. ஆனால் விரல் நீட்டிய இடம் சரி.

அதைச் சோதித்துப் பார்த்தது வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில், 1905-06-ல். நோயாளிகளை முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்து எண் போட்டார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு கட்டடம், இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு கட்டடம். ஒரு பக்கம் வெள்ளைப் பச்சரிசி, இன்னொரு பக்கம் இந்தியப் புழுங்கல். கட்டடத்தில்தான் கோளாறோ என்று பாதியில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிக்காரர்களின் பின்னாலேயே போனது. அவர்களில் பலர் இறந்தார்கள். அருமையான பரிசோதனை, இன்றைக்கும் மருத்துவப் பாடத்தில் சொல்கிறார்கள். அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

புழுங்கலில் என்ன மாயம்? நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, காயவைக்கிறோம். அப்படி அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின், அதாவது தயமின், தண்ணீரோடு உள்ளே இறங்கி அரிசியின் வயிற்றில் தங்கிவிடுகிறது. அப்புறம் தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும். கழைந்தாலும் வடித்தாலும் முழுக்க ஓடிவிடாது. நெல்லை அவிக்க ஆரம்பித்தவர்களுக்கு இது தெரியாது. உலக்கை போட்டால் அரிசி நொய்யாகக்கூடாது, மூட்டையில் வண்டு விழக்கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு மலாயாவில் ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பெரிபெரியிலிருந்து காப்பாற்றியது. மலேரியாவிலிருந்தும் கங்காணியிடமிருந்தும் காப்பாற்றவில்லை. அது வேறு கதை.

சென்னை மாகாணத்துக்குள்ளேயே இதற்கு இன்னொரு சாட்சி இருந்தது. வட சர்க்கார் என்று அன்று அழைக்கப்பட்ட கடலோர ஆந்திரத்தில் பெரிபெரி நிரந்தரமாகக் குடியிருந்தது, தெற்கே தமிழ் மாவட்டங்களில் அரிது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1918-ல் தொடங்கிய ஆய்வு பின்னால் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது (1958-ல் ஹைதராபாத் போன அதே நிறுவனம்). மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டும் அவர் சகாக்களும் 1940-ல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி ஒரு நீண்ட அறிக்கை கொண்டுவந்தார்கள். ஆலை எடுப்பது ஒரு பங்கு, கழையும்போது போவது ஒரு பங்கு, வடிக்கும்போது போவது இன்னொரு பங்கு என்று சத்து போகும் வழியைப் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்தார்கள். தீட்டிய பச்சரிசியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வடித்து, கஞ்சியையும் கொட்டினால் தட்டில் மிஞ்சுவது அநேகமாக வெறும் மாவு. அதே வேலையைப் புழுங்கலில் செய்தால் இழப்பு மிகவும் குறைவு.

தமிழ் பிராமண வீடுகளில் காலங்காலமாகப் பச்சரிசிதானே, அவர்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கலாம். கூடவே பருப்பும் காயும் மோரும் இருந்ததால் என்பது என் ஊகம். இலையில் நாலு வகை விழுகிறவருக்கு அரிசி எப்படி வெந்தாலும் பெரிய நஷ்டமில்லை. சோறு மட்டுமே சாப்பாடாக இருப்பவருக்குத்தான் சமையல் முறை உயிர்ப் பிரச்சினை.

இதே காலத்தில் காந்தி ஆலை அரிசிக்கு எதிராக எழுதிக்கொண்டிருந்தார். 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்தவர், கைக்குத்தல் அரிசிக்காகக் கடைசிவரை வாதாடினார். சத்து, கிராமத்து வேலைவாய்ப்பு இரண்டும் சேர்ந்த வாதம். நல்ல வாதம்தான். தோற்றது. உரலைச் சுற்றி நின்று உலக்கை போட்ட பெண்களைக் கேட்டிருந்தால் ஏன் தோற்றது என்று அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

சரி, குக்கருக்கு வருவோம்.

அழுத்தத்தில் சமைக்கும் பாத்திரத்தை டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். அவர் நோக்கம் எலும்பைக் குழைய வைப்பது. அது நம் சமையற்கட்டுக்கு வர 280 வருஷம் ஆனது. 1959-ஐ ஒட்டி டி.டி.கே. பிரஸ்டீஜும் ஹாக்கின்ஸும் இந்தியாவில் குக்கர் செய்யத் தொடங்கின. சாதாரணப் பானையில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது. ஊட்டியில் 93-ஐத் தொடுவதே கஷ்டம். குக்கருக்குள் 120 வரை போகும். மனைவியை நேசிக்கும் புருஷன் இதை வாங்காமல் எப்படி இருப்பான் என்று பிரஸ்டீஜ் விளம்பரம் கேட்டது. அடுப்படிக்கு மனைவி மட்டும்தான் போவாள் என்று அந்த விளம்பரமே முடிவு கட்டிவிட்டது.

குக்கரோடு ஒரு புது அளவையும் தமிழுக்கு வந்தது: விசில். "மூணு விசில் விடு." உலகத்தில் வேறெங்கும் ஓசையை நேரத்துக்குப் பதிலாக இப்படி எண்ணுவார்களா தெரியவில்லை. தீ பெரிதாக இருந்தால் சீக்கிரம் விசில் வரும், சின்னதாக இருந்தால் மெதுவாக வரும். ஆகையால் மூன்று விசில் என்பது ஆறு நிமிடமாகவும் இருக்கலாம், பதினைந்து நிமிடமாகவும் இருக்கலாம். விறகுத் தீயின் நிச்சயமின்மையை நாம் முழுசாக விட்டுவிடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குக்கர் செய்த உண்மையான மாற்றம் அழுத்தமோ வேகமோ இல்லை. கீழே பருப்பு, மேலே அரிசி என்று பாத்திரம் அடுக்கி, அரிசிக்கு அளந்த தண்ணீர் ஊற்றி மூடிய அன்றைக்கு, வடிக்கிற சமூகம் சத்தமில்லாமல் வற்ற விடுகிற சமூகமாக மாறியது. கஞ்சி என்ற பொருள் வீட்டிலிருந்து மறைந்தது. கையில் ஆவி அடிப்பதும் அதோடு போனது.

அந்த மாற்றம் நல்லதா கெட்டதா? யார் வீட்டில் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். மாடும் கழுநீர்த் தொட்டியும் கஞ்சி குடிக்கும் ஆட்களும் இருந்த வீட்டில் வடிப்பதால் எதுவும் வீணாகவில்லை. சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் மாடு ஏது? அங்கே வடித்தால் கஞ்சி நேராகச் சிங்குக்குத்தான் போகும். வடிக்கும் பழக்கம் மட்டும் நகரத்துக்கு வந்து, கஞ்சி குடிக்கும் பழக்கம் கிராமத்திலேயே நின்றுபோன அந்த இடைக்கால வீடுகளில், குக்கர் சத்துக் கணக்குப்படி ஒரு முன்னேற்றம். இதைச் சொன்னால் பாரம்பரிய உணவு நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

வற்ற விடும் முறையை முழு இயந்திரமாக ஆக்கியது ஜப்பான். முதலில் முயன்றவர்களில் சோனி நிறுவனத்தை உருவாக்கிய இபுகாவின் குழுவும் உண்டு. 1945-ல், போர் முடிந்த கையோடு, மரத் தொட்டிக்குள் அலுமினியத் தகடு வைத்து ஒரு மின்சாரச் சோற்றுப்பானை செய்தார்கள். சோறு ஒன்று குழைந்தது, அல்லது வேகவில்லை. கைவிட்டார்கள். தோஷிபாவுக்காக அதைச் சாதித்தது மினாமி யோஷிதாதா என்ற சிறு பட்டறைக்காரர், அவருடைய மனைவி ஃபுமிகோ. வெயில், குளிர், திறந்த வெளி என்று விதவிதமான சூழலில் மறுபடி மறுபடி சோறாக்கி, வெப்பநிலையை அளந்து குறித்து வைத்தவர் ஃபுமிகோதான். 1955 டிசம்பரில் அது கடைக்கு வந்தது. அதன் யுக்தி எளிமையானது: தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் தீர்ந்த மறுகணம் சூடு ஏறும், ஏறியதும் இரட்டை உலோகத் தகடு வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். பானைச் சத்தம் மாறுவதை வைத்தே எங்கள் பாட்டி கண்டுபிடித்த அதே நொடி. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டிய ஜப்பானியப் பெண்களுக்கு அந்த சுவிட்ச் கூடுதல் தூக்கத்தைக் கொடுத்தது. இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அறை எடுத்துத் தங்கும் நம் பையன்கள் முதலில் வாங்கும் சாமான் இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகு வடிப்புக்கு ஒரு எதிர்பாராத வக்கீல் கிடைத்தார்: ஆர்சனிக். வங்கத்தில் நிலத்தடி நீரில் இருக்கும் ஆர்சனிக்கை நெற்பயிர் உறிஞ்சி அரிசியில் சேர்க்கிறது. சுத்தமான நீரில் வேகவைத்து வடித்தால் அதில் கணிசமான பங்கு கஞ்சியோடு போய்விடும் என்று தெரியவந்தது. வைட்டமினை வெளியேற்றிய அதே கதவு. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஒரு சமரசம் சொன்னார்கள்: ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் அளந்து ஊற்றி வற்ற விடுங்கள். சமைக்கிற தண்ணீரிலேயே ஆர்சனிக் இருந்தால் இதெல்லாம் பயன்படாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சர்க்கரை நோய்? வடித்தால் கொஞ்சம் மாவு கஞ்சியோடு போவது உண்மை. ஆனால் பருக்கைக்குள் இருப்பதுதான் பெரும்பங்கு, அது எங்கும் போகாது. வடித்த சோறு என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். தட்டில் சோற்றின் அளவைக் குறைப்பதுதான் இதில் வேலை செய்கிற சமையல் குறிப்பு. அதைச் சொல்லும் வீடியோ மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். புழுங்கல் அரிசி வாங்குகிறீர்கள், கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கவும் வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் தாராளமாக வடியுங்கள், உதிரி உதிரியாக அந்தச் சோறு வேறு எதிலும் வராது. கஞ்சி சிங்குக்குப் போகும் வீடென்றால் குக்கரோ மின்சாரக் குக்கரோ, ஏதோ ஒன்றில் அளந்து வையுங்கள். பச்சரிசியென்றால் வடிக்கவே வேண்டாம், இரண்டு தடவைக்கு மேல் கழையவும் வேண்டாம். யார் சமைக்கிறாரோ அவர் கைக்கு எது சுலபமோ அதற்குக் கூடுதலாக ஒரு ஓட்டு உண்டு. சமைக்காதவருக்கு ஓட்டே கிடையாது.

ரேஷன் அரிசிக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பொது விநியோக அரிசி முழுவதையும் செறிவூட்டுவோம் என்று ஒன்றிய அரசு 2021-ல் அறிவித்து, படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்த பருக்கைகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதாரண அரிசியோடு கலந்தார்கள். தலசீமியா, சிக்கில் செல் நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கூடுதல் இரும்பு ஆகுமா என்ற கேள்வி எழுந்து நீதிமன்றம் வரை போனது. அந்த நோய் இருக்கும் வீடுகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மற்ற வீடுகளில் நடப்பது வேறு. அந்தப் பருக்கைகள் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், கழையும்போது சில மேலே மிதக்கும். மிதந்ததைப் பார்த்து "பிளாஸ்டிக் அரிசி" என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. பல வீடுகளில் அவற்றைப் பொறுக்கி எறிந்தார்கள். பட்டணத்து ஆலை எடுத்த சத்தை இன்னொரு ஆலை திருப்பிக் கொண்டுவந்தால், அதைக் கழுநீரோடு நாமே ஊற்றிவிடுகிறோம், குடிக்க மாடும் இல்லை. உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்கா வீட்டிலோ ரேஷன் அரிசி வாங்கினால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: மிதக்கிறதை எடுத்துப் போட வேண்டாம், ஒரு தடவை கழைந்தால் போதும், வடிச்சா அந்தக் கஞ்சியைக் கொட்ட வேண்டாம்.